மூன்று வாரச் சட்டையும் மூன்று வருட விடுதியும்

மேலாண்மைப் படிப்புகளில் தவறாமல் நடத்தப்படும் பாடம் ஒன்று உண்டு. ஸ்பெயின் நாட்டின் ஸாரா நிறுவனம் புதிதாக ஒரு சட்டையை வரைந்து, வெட்டி, தைத்து, தன் கடையில் தொங்கவிட இரண்டு மூன்று வாரம் போதும். மற்ற நிறுவனங்களுக்கு அதே வேலைக்கு ஆறு மாதத்துக்கு மேல் ஆகிறது. ஆகவே ஸாரா ஜெயித்தது. இதற்குப் பெயர் ‘விநியோகச் சங்கிலி உத்தி’. பாடம் அத்தோடு முடிந்துவிடும்.

தோழர்களே, நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் இன்று அந்த வகுப்புகளில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் சிலருடைய அக்காவோ சித்தியோ திண்டுக்கல் பக்கத்து மில்லில் மூன்று வருடம் விடுதியில் அடைபட்டு நூல் நூற்றவர்களாக இருப்பார்கள். அந்த நூல் பின்னலாடையாகி, ஐரோப்பியக் கடைகளுக்குப் போயிருக்கும். தம்பி படிப்பதும் அக்கா உழைத்ததும் ஒரே சங்கிலியைத்தான். ஆனால் பாடப் புத்தகத்தில் அக்கா இல்லை. அவரையும் சேர்த்து இந்த வரலாற்றை ஒருமுறை சொல்லிப் பார்ப்போம்.

66 வாரக் கணக்கு

துணி வியாபாரத்தில் வேகம் பற்றிய பேச்சு ஸ்பெயினில் மட்டும் தொடங்கியதல்ல. 1980களில் ஆசியாவிலிருந்து வந்து குவிந்த மலிவான ஆடைகளைக் கண்டு அமெரிக்க ஜவுளி முதலாளிகள் அரண்டு போயிருந்தார்கள். கர்ட் சால்மன் என்ற ஆலோசனை நிறுவனம் அப்போது ஒரு கணக்குப் போட்டுக் கொடுத்தது. மூலப்பொருளில் தொடங்கி, ஆடை வாடிக்கையாளர் கைக்குப் போகும்வரை 66 வாரம் ஆகிறது. அதில் ஆலைக்குள் இருப்பது 11 வாரம்தான். 40 வாரம் குடோனிலும் வழியிலும் கழிகிறது. மீதி 15 வாரம் கடையில் தொங்குகிறது.

அதாவது நேரத்தைத் தின்றது உழைப்பு அல்ல, காத்திருப்பு. காத்திருப்பு என்றால் முடங்கிக் கிடக்கும் பணம். அதைவிட மோசமானது ஊகம். அடுத்த வருடம் பெண்கள் எந்த நிறத்தை விரும்புவார்கள் என்று இந்த வருடமே முடிவெடுத்து ஆர்டர் போட வேண்டும். ஊகம் தப்பினால் பாதி விலைக்குத் தள்ள வேண்டியதுதான். இதற்கு மருந்தாக அவர்கள் கண்டுபிடித்ததன் பெயர் ‘குவிக் ரெஸ்பான்ஸ்’. கடைக் கல்லாவில் பார்கோடு பதிவாகிற விவரம் உடனுக்குடன் ஆலைக்குப் போக வேண்டும். எது விற்கிறதோ அதை மட்டும் உடனே செய்து அனுப்ப வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு கேள்வியைக் குறித்துக்கொள்வோம். விற்காத சரக்கின் நஷ்டம் யார் தலையில் விழுவது? இந்தத் தொழிலின் கடந்த ஐம்பது வருட உத்திகள் எல்லாவற்றையும் இந்த ஒரு கேள்வியை வைத்துப் புரிந்துகொள்ளலாம்.

இத்தாலியின் பெனட்டன் நிறுவனம் 1970களிலேயே ஒரு வழி கண்டது. ஸ்வெட்டர்களைச் சாயம் போடாமல் வெறும் நூல் நிறத்திலேயே பின்னி வைத்துக்கொண்டது. எந்த நிறம் ஓடுகிறது என்று கடையில் தெரிந்த பிறகு சாயத்தில் முக்கியது. பின்னல், தையல் வேலைகளில் பெரும்பங்கைச் சுற்றுவட்டாரச் சிறு பட்டறைகளுக்குக் கொடுத்தது. முடிவைக் கடைசி நிமிடம்வரை தள்ளிப்போடு, ஆட்களை வெளியே வைத்துக்கொள் என்பதே அதன் சாரம்.

ஸாரா இதை இன்னும் கூர்மையாக்கியது. ஸ்பெயினின் வடமேற்கு மூலையில், கடலும் விவசாயமும் தவிர வேறு பெரிய பிழைப்பு இல்லாத கலீசியா பகுதியில், அமான்சியோ ஒர்த்தேகா 1975இல் லா கொருன்யா நகரத்தில் முதல் ஸாரா கடையைத் திறந்தார். 1985இல் இண்டிடெக்ஸ் என்ற தாய் நிறுவனம் உருவானது. 1989இல் நியூயார்க்கில் கடை போட்டார்கள். சாயம் போடாத துணியை இருப்பில் வைத்துக்கொள்வார்கள். கடை மேலாளர்கள் எது விற்கிறது, எதைக் கேட்டு ஆட்கள் திரும்பிப் போகிறார்கள் என்று தலைமையகத்துக்குச் சொல்வார்கள். வாரம் இரண்டு முறை கடைக்குப் புதுச் சரக்கு வரும். ஒவ்வொன்றும் கொஞ்சம்தான் வரும். தீர்ந்தால் பெரும்பாலும் திரும்ப வராது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மெஷின் வைத்துச் செய்கிற கட்டிங் வேலையைத் தன் சொந்தத் தொழிற்சாலையில் வைத்துக்கொண்ட அந்த நிறுவனம், ஆள் வைத்துச் செய்ய வேண்டிய தையலைக் கலீசியாவிலும் வட போர்ச்சுகலிலும் இருந்த சிறு பட்டறைகளுக்கும் பெண்களின் கூட்டுறவுகளுக்கும் அனுப்பியது. ஆர்டர் கூடினால் அவர்கள் ராத்திரியும் தைக்க வேண்டும். குறைந்தால் அவர்கள் சும்மா இருக்க வேண்டும். நிறுவனம் கூலி கொடுத்து யாரையும் சும்மா உட்காரவைக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. அந்த மூன்று வார வேகம் புதுமோஸ்தர் உடுப்புகளுக்கு மட்டும்தான். அவற்றை ஸ்பெயின், போர்ச்சுகல், மொராக்கோ, துருக்கி எனப் பக்கத்து நாடுகளில் தைத்தார்கள். வருடம் முழுவதும் ஒரேமாதிரி விற்கிற டி-ஷர்ட் போன்ற சாதாரண உருப்படிகளுக்கு அவசரமில்லை, விலைதான் முக்கியம். அவற்றை ஆசியாவில் வாங்கினார்கள். ஸ்வீடனில் 1947இல் ஒரு பெண்கள் துணிக்கடையாகத் தொடங்கிய எச் அண்ட் எம், சொந்தத் தொழிற்சாலை எதுவும் இல்லாமல், முழுக்க அடுத்தவர் தொழிற்சாலைகளில் வாங்கியே உலகப் பெருநிறுவனமானது. நம் ஊர்கள் இந்தக் கதைக்குள் நுழைவது இந்த வாசல் வழியாகத்தான்.

கோட்டா போனது, கடிவாளம் போனது

எந்த நாட்டில் தைப்பது என்பதை நீண்ட காலம் பையர்கள் தம் இஷ்டத்துக்கு முடிவு செய்ய முடியவில்லை. 1974 முதல் பன்னூலிழை ஒப்பந்தம் என்ற ஏற்பாடு இருந்தது. ஒவ்வொரு ஏழை நாடும் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் எவ்வளவு துணி அனுப்பலாம் என்று அதன் கீழ் கோட்டா நிர்ணயிக்கப்பட்டது. பணக்கார நாடுகள் தங்கள் ஆலைகளைக் காப்பாற்றப் போட்ட வேலி அது. ஆனால் அந்த வேலியே புதிய நாடுகளுக்கு வழியும் திறந்தது. தென்கொரியாவின் கோட்டா நிரம்பியபோது, அந்நாட்டு டேவூ நிறுவனம் கோட்டா காலியாக இருந்த வங்கதேசத்தைத் தேடிப் போனது. அங்கே தேஷ் என்ற கம்பெனியோடு சேர்ந்து, 1979இல் 130 பேரைக் கொரியாவுக்கு அழைத்துப் போய்ப் பயிற்சி கொடுத்தது. வங்கதேசத்தின் ஆடை ஏற்றுமதித் தொழிலுக்கு அது பெரிய தொடக்கமாக அமைந்தது.

1995 தொடங்கிப் படிப்படியாகத் தளர்த்தப்பட்ட கோட்டா, 2005 ஜனவரி 1 அன்று முழுதாக ஒழிந்தது. அதற்குப் பிறகு பையர் எந்த நாட்டுக்கும் போகலாம். ‘இந்த விலைக்கு முடியாதென்றால் சொல்லுங்கள், அடுத்த நாட்டில் பார்த்துக்கொள்கிறோம்’ என்கிற மிரட்டல் எல்லாப் பேரத்திலும் சொல்லாமலே உட்கார்ந்துகொண்டது. விலை இறங்கியது, கொடுக்கும் அவகாசமும் சுருங்கியது. முதலாளி அந்த நெருக்கடியைத் தான் சுமக்கவில்லை. பீஸ் ரேட்டாக, கட்டாய ஓவர்டைமாக, ஜாப் ஒர்க்காகக் கீழே இறக்கினார்.

அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2013 ஏப்ரல் 24 காட்டியது. டாக்கா அருகே சாவரில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இடிந்து விழுந்து 1,100க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். முந்தைய நாளே சுவரில் விரிசல் கண்டிருந்தது. கீழ்த்தளத்து வங்கியையும் கடைகளையும் மூடிவிட்டார்கள். மேலே இருந்த ஐந்து ஆடைத் தொழிற்சாலைகளின் ஆட்களை மட்டும், வராவிட்டால் சம்பளம் கிடையாது என்று மிரட்டி உள்ளே அனுப்பினார்கள். வங்கி ஊழியரின் உயிருக்கும் தையல்காரப் பெண்ணின் உயிருக்கும் வெவ்வேறு மதிப்பு போடப்பட்டதை அந்த ஒரு கட்டடத்திலேயே பார்க்கலாம். பையர்கள் சார்பில் தணிக்கை நடந்து முடிந்திருந்த தொழிற்சாலைகளும் அந்தக் கட்டடத்தில் இருந்தன.

அடுத்த மாதமே தொழிற்சங்கங்களும் பெருநிறுவனங்களும் ‘அக்கார்டு’ என்ற கட்டடப் பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டன. முன்பெல்லாம் நிறுவனங்கள் தாமே எழுதித் தாமே மெச்சிக்கொள்ளும் நடத்தை விதிகள்தான் இருந்தன. அக்கார்டு சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். ஒரு தரப்பில் தொழிலாளர் சங்கம் கையெழுத்திட்டது. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

சங்கிலியின் அடிக்கண்ணிகள்

இனி நம் ஊருக்கு வருவோம். கடையில் தொங்கும் டி-ஷர்ட்டிலிருந்து பின்னோக்கிப் போனால், முதலில் திருப்பூர்ப் பனியன் கம்பெனி. அதற்குப் பின்னால் சாயப்பட்டறை, நிட்டிங். அதற்கும் பின்னால் நூற்பாலை. பையரின் ஆட்கள் பெரும்பாலும் வந்து பார்ப்பது முதல் கண்ணியான பனியன் கம்பெனியோடு நின்றுவிடும். அதற்குக் கீழே என்ன நடக்கிறது என்று கேட்டால், ‘அது எங்கள் நேரடி சப்ளையர் இல்லை’ என்பார்கள். வேலையை மேலும் கீழுமாக அடுக்கி, மேலே இருப்பவருக்குக் கீழே நடப்பது தெரியாது என்று சொல்லிக்கொள்ள வசதி செய்து கொடுக்கும் ஏற்பாடு நமக்குப் புதிதா என்ன?

திருப்பூரைப் பற்றிப் பேசும்போது நியாயமாகப் பேச வேண்டும். உள்ளூர்ச் சந்தைக்குப் பனியன் செய்துகொண்டிருந்த ஊர், 1970களின் இறுதியில் ஏற்றுமதியைத் தொட்டு, 1980களில் வெகுவேகமாக வளர்ந்தது. முதலாளிகளில் பெரும்பகுதியினர் விவசாயப் பின்னணி கொண்ட கவுண்டர்கள் என்பதையும், சாதிக்குள்ளான உறவும் கடனும் அவர்களை எப்படித் தூக்கிவிட்டன என்பதையும் ஆய்வாளர் ஷரத் சாரி விரிவாக எழுதியிருக்கிறார். நம்மவர்களுக்கு அந்த ஏணி கிடைக்கவில்லை. ஆனால் பண்ணையாரின் தோட்டத்திலிருந்து தப்பிக்க ஒரு பஸ் கிடைத்தது.

கிரேஸ் கார்ஸ்வெல், ஹீர்ட் டி நெவே ஆகிய இரு ஆய்வாளர்கள் திருப்பூர்ச் சுற்றுவட்டாரக் கிராமங்களில் இதைப் பல வருடம் கவனித்தார்கள். ஒரு கிராமத்திலிருந்து தலித் இளைஞர்கள் தினமும் திருப்பூருக்கு வேலைக்குப் போய்வந்தார்கள். உள்ளூர் ஆதிக்கச் சாதியின் தயவு தேவைப்படாததால் அங்கே சாதியின் பிடி ஓரளவு தளர்ந்திருந்தது. இன்னொரு கிராமத்தில் தலித்துகள் உள்ளூர் விசைத்தறி முதலாளிகளிடம் பெரிய அட்வான்ஸ் வாங்கி, அந்தக் கடனில் கட்டுண்டு தறி ஓட்டினார்கள். அங்கே பழைய அடிமைத்தனம் புதிய பட்டறைக்குள் தொடர்ந்தது; டீக்கடையில் தனிக்குவளை உட்பட. ஒரே தொழில், ஒரே வட்டாரம். ஒரு கண்ணியில் மூச்சு விட முடிந்தது, இன்னொன்றில் கழுத்து நெரிந்தது. ‘உலகமயம் சாதியை ஒழிக்கும்’ என்பவர்களுக்கும் ‘உலகமயத்தால் நமக்கு ஒன்றுமே இல்லை’ என்பவர்களுக்கும் இந்த இரண்டு கிராமங்களும் பதில் சொல்கின்றன.

கழுத்து மிக இறுகிய இடம் நூற்பாலை. அது ஷிப்டு மாறி மாறி இருபத்து நான்கு மணி நேரமும் ஓட வேண்டியது. ஆர்டர் எப்போது கூடும், எப்போது குறையும் என்று மில்காரருக்குத் தெரியாது. எந்த நேரமும் ஆள் தயாராக இருக்க வேண்டும். அதற்கு அவர்கள் கண்டுபிடித்ததுதான் ‘சுமங்கலித் திட்டம்’. திருமணமாகாத இளம்பெண்களை, பலரைப் பதினெட்டு வயதுகூட ஆகாத நிலையில், மூன்று வருடத்துக்கு மில் விடுதியில் சேர்ப்பது. முடித்துப் போகும்போது முப்பதாயிரம், ஐம்பதாயிரம் என்று மொத்தமாக ஒரு தொகை. அது கல்யாணச் செலவுக்கு. வரதட்சணை 1961 முதல் சட்டப்படி குற்றம். அந்தக் குற்றத்தையே கம்பெனியின் ஆள் சேர்ப்பு விளம்பரமாக மாற்றினார்கள்.

‘பயிற்சியாளர்’ என்று பெயர் வைத்துக் கூலியைக் குறைத்தார்கள். வெளியே போகத் தடை, போனுக்குத் தடை. இடையில் உடம்பு முடியாமல் திரும்பிய பெண்களுக்கு அந்தத் தொகை கிடைப்பதே போராட்டமானது. அந்தத் தொகை நன்கொடையல்ல, அவர்களிடமிருந்து பிடித்து வைக்கப்பட்ட கூலி. நெதர்லாந்தின் சோமோ அமைப்பும் கூட்டாளிகளும் 2011இலும் 2014இலும் வெளியிட்ட அறிக்கைகள் இதையெல்லாம் உலகத்துக்குக் காட்டின. இந்தப் பெண்களில் பெரும்பாலோர் தலித் குடும்பத்தவர் என்பதையும் அவை பதிவு செய்தன.

இப்போது 66 வாரக் கணக்கை மீண்டும் எடுத்துப் பாருங்கள். சரக்கு எங்கும் தேங்கக் கூடாது என்பது பெருநிறுவனத்தின் உத்தி. ஆனால் தேக்கம் ஒழியவில்லை, இடம்தான் மாறியது. அங்கே குடோனில் சரக்கைத் தேக்கிவைக்க வேண்டியிராதபடிக்கு, இங்கே விடுதியில் பெண்களைத் தேக்கிவைத்தார்கள். மூன்று வாரச் சட்டைக்கும் மூன்று வருட விடுதிக்கும் உள்ள உறவு இதுதான்.

நூற்பாலையில் நம்மவர்கள் நிறுத்தப்பட்டதற்கு இன்னும் பழைய வரலாறு உண்டு. 1920களில் பம்பாய் மில்களில் தலித்துகளுக்கு நூற்புப் பிரிவில்தான் இடம். கூலி அதிகமான நெசவுப் பிரிவில் விடமாட்டார்கள். நாடாவில் தார் மாற்றும்போது நூலை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். தலித்தின் வாய் பட்டால் தீட்டு. 1928 வேலைநிறுத்தத்தின்போது, நெசவுப் பிரிவைத் தலித்துகளுக்குத் திறக்க வேண்டும் என்பதையும் சங்கம் தன் கோரிக்கையில் சேர்க்க வேண்டும் என்று அம்பேத்கர் வற்புறுத்தினார். தொழிலாளர் ஒற்றுமை பேசுகிற சங்கம் தொழிலாளர்களுக்குள் இருக்கும் சாதியைப் பேசாமல் தாண்டிப் போக முடியாது என்று அன்றே அவர் கண்டிப்பாகச் சொன்னார்.

ஆர்டரைப் பிடித்த கை

சங்கிலியில் நஷ்டம் எந்தத் திசையில் ஓடும் என்பதை 2020 மார்ச் மாதம் அப்பட்டமாகக் காட்டியது. கொரோனாவால் கடைகள் மூடியதும் பெருநிறுவனங்கள் ஆர்டர்களை ரத்து செய்தன, தள்ளிவைத்தன. தைத்து முடித்த சரக்குக்கும் பணம் தர மறுத்தன. வங்கதேசத்தில் மட்டும் 300 கோடி டாலருக்கு மேற்பட்ட ஆர்டர்கள் பாதிக்கப்பட்டதாக அங்குள்ள ஏற்றுமதியாளர் சங்கம் சொன்னது. துணி வாங்கிய கடன் தொழிற்சாலைக்கு, பட்டினி தொழிலாளிக்கு. ‘பாக்கியைக் கொடு’ என்ற உலகளாவிய இயக்கத்துக்குப் பிறகே பல நிறுவனங்கள் இறங்கி வந்தன.

அடுத்த வருடம், 2021 ஜனவரியில், திண்டுக்கல் மாவட்டத்தில் நாச்சி அப்பேரல் என்ற ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண்ணொருவர் கொல்லப்பட்டார். அவருடைய மேற்பார்வையாளர் கைதானார். ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் குழுமத்தைச் சேர்ந்த அந்த ஆலை எச் அண்ட் எம் உள்ளிட்ட நிறுவனங்களுக்குத் தைத்துக்கொண்டிருந்தது. மேற்பார்வையாளர்களின் பாலியல் தொல்லையைப் பற்றிப் பெண்கள் அதன் பிறகு வெளியே பேசத் தொடங்கினார்கள்.

இதோடு முடிந்திருந்தால் இன்னொரு அஞ்சலிக் கூட்டம், இன்னொரு வழக்கு என்று போயிருக்கும். ஆனால் அங்கே ஒரு சங்கம் இருந்தது. தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன். 2013இல் உருவான, தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் சங்கம். அவர்கள் நீதி கேட்டதோடு நிற்கவில்லை. இந்த ஆலையை நடத்துவது யாருடைய ஆர்டர் என்று கேட்டார்கள். ஆசிய அடிப்படைக் கூலிக் கூட்டமைப்பையும் அமெரிக்காவிலுள்ள தொழிலாளர் உரிமை அமைப்பையும் சேர்த்துக்கொண்டு, ஒரு வருடத்துக்கும் மேல் விடாமல் பிடித்தார்கள்.

2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஈஸ்ட்மேனும் எச் அண்ட் எம்மும் கையெழுத்திட்டன. பிறகு கேப், பி.வி.எச். நிறுவனங்களும் இணைந்தன. திண்டுக்கல்லிலுள்ள ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இதன் கீழ் வந்தார்கள். பாலியல் தொல்லையோடு சாதிப் பாகுபாடும் வன்முறையாக ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டது. சங்கம் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்த பெண்கள் ஒவ்வொரு லைனிலும் கண்காணிப்பாளர்களாக இருப்பார்கள். புகார் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆலை ஒப்பந்தத்தை மீறினால் பையர் ஆர்டரைக் குறைக்க வேண்டும். பையர் மீறினால் அவர் மீதும் நடவடிக்கை எடுக்கலாம். முதல் வருடத்தில் 185 புகார்கள் வந்தன. பெரும்பாலானவை ஒரு வாரத்துக்குள் தீர்க்கப்பட்டன. பயம் போனால்தான் புகார் வரும் என்பது நமக்குத் தெரியும்.

2022 ஜூலையில், கட்டாய உழைப்பு என்ற காரணம் காட்டி அந்த ஆலையின் சரக்கை அமெரிக்கச் சுங்கத் துறை தடுத்து நிறுத்தியது. செப்டம்பரில் தடை நீங்கியது. நீங்குவதற்கு முக்கியக் காரணம் இந்த ஒப்பந்தம்தான். எந்தத் தலித் பெண்களின் வாயை அடைத்து வைத்திருந்தார்களோ, அவர்களுடைய சங்கம் இருந்ததால்தான் அந்த ஆலையின் சரக்கு மீண்டும் கப்பல் ஏறியது.

இதைப் பெரிய வெற்றி என்று கொண்டாடி உட்கார்ந்துவிட முடியாது. தமிழ்நாட்டு நூற்பாலைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் வேலை செய்யும் லட்சக்கணக்கானவர்களில் ஐயாயிரம் பேருக்குக் கிடைத்தது இது. ஆர்டர் வேறு மாநிலத்துக்கோ வேறு நாட்டுக்கோ நகர்ந்தால் ஒப்பந்தம் காகிதமாகிவிடும் அபாயமும் உண்டு. ஆனாலும் ஒன்று நிரூபணமாகியிருக்கிறது. பொறுப்பைத் தட்டிக்கழிக்கப் போடப்பட்ட நீளமான சங்கிலிக்கு ஒரு பலவீனம் உண்டு. நடுவில் எத்தனை கண்ணி இருந்தாலும், ஆர்டர் மேலிருந்துதான் வர வேண்டும். அந்த ஆர்டரோடு தொழிலாளியின் உரிமையைச் சட்டப்படி முடிந்துவைக்க முடியும்.

ஆகவே தோழர்களே, மேலாண்மை படிக்கிறவர்கள் ஸாராவின் பாடம் வரும்போது கேளுங்கள்: ஆர்டர் ரத்தானால் நஷ்டம் யாருக்கு? அந்த நூல் எந்த மில்லில் நூற்கப்பட்டது? ஒப்பந்தத்தில் தொழிலாளர் தரப்பில் கையெழுத்துப் போட்டது யார்? சட்டம் படிக்கிறவர்கள், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எல்லா இடத்திலும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி இருக்க வேண்டிய பாலியல் புகார்க் குழு உங்கள் ஊர் மில்லில் இருக்கிறதா, அதில் உழைக்கும் பெண்கள் இருக்கிறார்களா என்று விசாரியுங்கள். ஊரில் இருப்பவர்கள், மில்லுக்கு ஆள் பிடிக்க வரும் புரோக்கர் என்ன வாக்குக் கொடுக்கிறார், எந்த வயதுப் பெண்ணைக் கேட்கிறார் என்று எழுதி வையுங்கள். திண்டுக்கல்லில் அந்தப் பெண்கள் தொடங்கியதும் இப்படி விசாரித்து, விவரம் சேர்த்துத்தான். பக்கத்து மில்லில் அதைத் தொடர வேண்டியது நம் வேலை.